முத்திரை யார் கையில்?

பல்கலைக்கழக நகரங்கள் – 9: பிராக்

சென்ற இதழில் பாரிஸிலிருந்து கிளம்பும் அவசரத்தில் ஒரு சிறுவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பொஹீமிய இளவரசன். இன்றைய செக் குடியரசின் மேற்குப் பாதிதான் அன்றைய பொஹீமியா. 1316ல் பிராகில் பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயர் வாத்ஸ்லாவ். ஏழு வயதில் பிரெஞ்சு அரண்மனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அத்தையின் கணவர்தான் மன்னர், பெயர் சார்லஸ். பையனும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டான். பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் பியர் ரோஜர் என்ற துறவி. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே மறுபடி வருவார்.

அப்பா ஜான், லக்சம்பர்க் வம்சத்துக்காரர். எங்கே போர் நடந்தாலும் போய் நிற்கும் ஆசாமி. கண் பார்வை போன பிறகும் நிற்கவில்லை. 1346ல் கிரெஸி போர்க்களத்தில், பார்வையற்ற நிலையிலேயே குதிரையேறிப் போய் மடிந்தார். மகனோ நேர் எதிர். கணக்குப் பார்த்துக் காய் நகர்த்துகிற, கட்டடம் கட்டுகிற, பட்டயம் எழுதுகிற ராஜா. பாரிஸில் வளர்ந்ததால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருந்தார்: கோட்டையும் அரண்மனையும் மட்டும் ஓர் ஊரைத் தலைநகரமாக்கிவிடாது. பேராயர் வேண்டும், பாலம் வேண்டும், சந்தை வேண்டும், பல்கலைக்கழகமும் வேண்டும்.

1344ல் பிராக் பேராயத்தின் தலைமையிடமானது. அதே ஆண்டில் கோட்டை மலைமேல் புனித வைட்டஸ் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். (அது கட்டி முடிந்தது 1929ல். அவசரப்படாத ஊர்.) 1347 ஜனவரி 26ல் பல்கலைக்கழகத்துக்குப் போப்பாண்டவரின் அனுமதி வந்தது. அனுமதித்த போப் ஆறாம் கிளெமென்ட் வேறு யாருமில்லை, பழைய வாத்தியார் பியர் ரோஜரேதான். 1348 மார்ச்சில் சார்லஸ் பிராகின் புதிய நகரத்துக்குப் பட்டயம் கொடுத்தார். அடுத்த மாதம் 7ஆம் தேதி பல்கலைக்கழகத்துக்கு. அன்றைய குதிரைச் சந்தைதான் இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கும் வாத்ஸ்லாவ் சதுக்கம், மாட்டுச் சந்தைதான் சார்லஸ் சதுக்கம். அந்த அகலத்தைப் பார்த்தால், அந்த மனிதர் எவ்வளவு பெரிய ஊரை மனத்தில் வைத்திருந்தார் என்பது விளங்கும்.

பட்டயம் சொல்லும் காரணம் அழகானது. அறிவுப் பசியோடு இருக்கும் நம் குடிமக்கள் வெளிநாடுகளில் போய்க் கையேந்த வேண்டாம், பந்தி இங்கேயே விரிக்கப்படும் என்பது அதன் சாரம். நடையில் பாதி நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துப் பழைய பட்டயத்திலிருந்து எடுத்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுத்தர்கள் எல்லாக் காலத்திலும் எழுத்தர்கள்தான். ஆனால் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, ரைன் ஆற்றுக்குக் கிழக்கே அதுவரை ஒரு பல்கலைக்கழகமும் கிடையாது. கிராக்கோவ் 1364, வியன்னா 1365, ஹைடெல்பெர்க் 1386. எல்லாமே பிராகுக்கு இளையவை.

இன்றைக்குப் பிராகுக்குப் போகிறவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்தின் தாய்க் கட்டடத்தைப் பெரும்பாலும் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பழைய நகரச் சதுக்கத்தில் எப்போதும் திருவிழாக் கூட்டம். வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் மணிக்கொரு தரம் அசைவதைப் பார்க்கக் கழுத்து வலிக்க நிற்கிறார்கள். 1410ல் வைத்த அந்தக் கடிகாரத்துக்கு வானியல் கணக்குப் போட்டுக் கொடுத்தவராகக் கருதப்படும் யான் ஷிண்டல் இந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. அங்கிருந்து ஜெலெஸ்னா தெருவில் சற்று நடந்தால் எஸ்டேட்ஸ் தியேட்டர் வரும். மொசார்ட்டின் 'டான் ஜியோவன்னி' 1787ல் முதல் முறையாக அரங்கேறிய இடம். எல்லோரும் தியேட்டரைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதை ஒட்டி நிற்கும் கட்டடம்தான் கரோலினம். சுவர் சாதாரணமாக இருக்கிறது. தலையைத் தூக்கினால் மட்டும் கல்லில் பூவேலை செய்த ஒரு மாடச் சாளரம், சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். 14ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. உள்ளே மருத்துவர்களின் காவல் புனிதர்களான காஸ்மாஸ், டேமியன் பேரில் சிறு வழிபாட்டுக்கூடம் இருந்தது.

தொடக்கத்தில் இந்தக் கட்டடமும் இல்லை. வகுப்புகள் மடாலயங்களிலும் ஆசிரியர்கள் குடியிருந்த வீடுகளிலும் நடந்தன. 1366ல் 12 ஆசிரியர்கள் தங்கிப் பாடம் சொல்ல சார்லஸ் ஒரு கல்லூரி அமைத்தார். அவர் பெயரால் அதுதான் கரோலினம். யூதர் குடியிருப்பில் ஒரு வீட்டில் தொடங்கிய கல்லூரி, மகன் நான்காம் வாத்ஸ்லாவ் காலத்தில் 1386ல் ரொட்லேவ் குடும்பத்து மாளிகைக்கு இடம் மாறியது. நான் சொன்ன சாளரம் அந்த மாளிகையுடையது. அன்று முதல் இன்று வரை பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் அந்த மனையில்தான். இத்தனை நூற்றாண்டு ஒரே முகவரியில் இருக்கும் பல்கலைக்கழகம் ஐரோப்பாவிலேயே அரிது. ஆனால் அந்த முகவரிக்கு யார் சொந்தக்காரர் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இந்த இதழின் கதை அதுதான்.

பாரிஸைப் போலவே இங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் நான்கு 'தேசங்களாக'ப் பிரிந்திருந்தார்கள்: பொஹீமியர், பவேரியர், சாக்சனியர், போலந்தினர். பிறந்த மண் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்துப் போட்ட பிரிவு, பேசும் மொழியை வைத்து அல்ல. பொஹீமிய தேசத்தில் செக் பேசுகிறவர்களும் உண்டு, ஜெர்மன் பேசுகிறவர்களும் உண்டு, ஹங்கேரிக்காரர்களும் உண்டு. போலந்து தேசம் பெயருக்குத்தான் போலந்து. பெரும்பாலோர் சைலீசியப் பகுதி ஜெர்மானியர்கள். தேசத்துக்கு ஓர் ஓட்டு. ரெக்டரை, அதாவது நம் துணைவேந்தருக்கு இணையானவரை, தேர்ந்தெடுப்பதிலிருந்து எல்லாமே இந்த நான்கு ஓட்டில்தான். சட்டம் படித்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே இது ஒத்துவரவில்லை. 1372ல் தனி ரெக்டரை வைத்துக்கொண்டு அவர்கள் தனிப் பல்கலைக்கழகமாகவே பிரிந்து போனார்கள். வக்கீல்களோடு யார் வாதாடுவது!

செக் ஆசிரியர்கள் எண்ணிக்கையில் வளர வளர ஓட்டுக் கணக்கு அவர்களை உறுத்தத் தொடங்கியது. எந்த விஷயமானாலும் மூன்றுக்கு ஒன்று. ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் விக்ளிஃபின் நூல்களை இளம் செக் ஆசிரியர்கள் ஆவலோடு படித்தார்கள். திருச்சபையின் செல்வத்தையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்ட நூல்கள் அவை. 1403ல் அந்த நூல்களிலிருந்து எடுத்த 45 கருத்துகளைப் பல்கலைக்கழகம் தடை செய்தது. ஓட்டு விழுந்த விதம், சொல்லவே வேண்டாம், மூன்றுக்கு ஒன்று.

அந்தச் செக் அணியில் இருந்தவர்தான் யான் ஹுஸ். ஏழைக் குடும்பம், கலைப்பிரிவு ஆசிரியர், 1402 முதல் பெத்லகேம் ஆலயத்தின் போதகர். செக் மொழியில் பிரசங்கம் செய்வதற்கென்றே 1391ல் தொடங்கிய ஆலயம் அது. கரோலினத்திலிருந்து நடந்து போய்விடும் தூரம். மூவாயிரம் பேர் நிற்கலாம் என்பார்கள். லத்தீனில் காலையில் பல்கலைக்கழகத்தில் வாதம், மாலையில் கசாப்புக்காரரும் துணி வெளுப்பவரும் கேட்கச் செக் மொழியில் பிரசங்கம். பல்கலைக்கழகத்துக்குள் முணுமுணுப்பாக இருந்தது ஊருக்குள் நெருப்பாகப் பரவியது இந்த வழியில்தான்.

அப்போது கிறிஸ்தவ உலகத்துக்கு இரண்டு போப்புகள். ரோமில் ஒருவர், அவிக்னானில் ஒருவர், 1378லிருந்து இதே கூத்து. இருவரையும் தள்ளிவிட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுக்க 1409ல் பிசா நகரில் சங்கம் கூடுவதாக ஏற்பாடு. மன்னர் வாத்ஸ்லாவுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. ஜெர்மானிய அரசர் பட்டத்திலிருந்து 1400ல் அவரை இறக்கிவிட்டிருந்தார்கள். பிசா சங்கம் அந்தப் பட்டத்தை மீட்டுத் தரும் என்று நம்பினார். அதற்கு முன்பணமாக அவர் ரோமாபுரிப் போப்பைக் கைவிட்டு நடுநிலை வகிக்க வேண்டும், பல்கலைக்கழகமும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். மூன்று தேசங்கள் மறுத்தன. பொஹீமிய தேசம் மட்டும் சரி என்றது.

பிராகுக்குக் கிழக்கே குட்னா ஹோரா என்ற வெள்ளிச் சுரங்க ஊர் இருக்கிறது. நாட்டின் கஜானாவே அந்த ஊர்தான். மன்னர் அங்கே தங்கியிருந்த நாளில், 1409 ஜனவரி 18ல், ஓர் ஆணை பிறப்பித்தார். இனிப் பொஹீமிய தேசத்துக்கு மூன்று ஓட்டு, மற்ற மூன்று தேசங்களுக்கும் சேர்த்து ஒன்று. கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். பாரிஸில் பிரெஞ்சு தேசத்தாருக்கு இருக்கும் முன்னுரிமையை ஆணை முன்னுதாரணமாகக் காட்டுகிறது. அப்பா பாரிஸைப் பார்த்துப் பல்கலைக்கழகம் கட்டினார், மகன் அதே பாரிஸைக் காட்டி அதைப் பிளந்தார்.

பிற்காலச் செக் எழுத்தாளர்கள் இதைத் தேசிய உணர்வின் வெற்றி என்றார்கள், ஜெர்மன் எழுத்தாளர்கள் அநியாயம் என்றார்கள். இரண்டு பேரும் ராஜாவுக்குத் தகுதிக்கு மீறின பெருமை கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவருக்குத் தேவைப்பட்டது பிசாவுக்கு எடுத்துப்போக ஒரு தீர்மானம். செக் ஆசிரியர்கள் கையில் அது இருந்தது, அதற்கு விலை மூன்று ஓட்டு. ஆனால் அவர்கள் கோரிக்கையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்த ஊரில், சொந்த மன்னர் கட்டிய இடத்தில், எந்த நாளும் தோற்றுக்கொண்டே இருப்பதை எவ்வளவு காலம் பொறுப்பார்கள்?

ஜெர்மன் ஆசிரியர்கள் பணியவில்லை. ஆணையைத் திரும்பப் பெறாவிட்டால் ஊரைவிட்டே போவோம் என்று கூட்டாகச் சத்தியம் செய்தார்கள். புதிய ரெக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இழுபறி. மே மாதம் மன்னரின் ஆட்கள் ஆயுதத்தோடு கரோலினத்துக்குள் நுழைந்து, ரெக்டர் ஹென்னிங் பால்டன்ஹாகனிடமிருந்து முத்திரையையும் சாவிகளையும் பதிவேட்டையும் பிடுங்கினார்கள். மன்னரே ஒரு செக் ஆசிரியரை ரெக்டராக நியமித்தார். சத்தியம் செய்தவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். நூற்றுக்கணக்கில் ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டினார்கள். ஒரு பகுதியினர் லைப்சிக் நகரில் போய்ச் சேர, அதே ஆண்டு டிசம்பரில் அங்கே புதிய பல்கலைக்கழகம் பிறந்தது.

அக்டோபரில் ஹுஸ் ரெக்டரானார். ஆனால் அவருக்குக் கிடைத்தது பாதி காலியான வீடு. பேரரசு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்த இடம் ஒரே கோடையில் உள்ளூர்ப் பல்கலைக்கழகமாகச் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் நடந்தது பள்ளிப் பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது: விக்ளிஃப் நூல்களைப் பேராயர் எரித்தது, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை ஹுஸ் எதிர்த்தது, ஜெர்மானிய மன்னர் சிகிஸ்முண்டின் பாதுகாப்பு உறுதிமொழியை நம்பிக் கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்குப் போனது, 1415 ஜூலை 6ல் அங்கே உயிரோடு எரிக்கப்பட்டது. விசாரணையில் அவர்மேல் சுமத்திய பழிகளில் ஜெர்மானியர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தியதும் ஒன்று. ஓட்டுச் சண்டை அவரைச் சிதை வரை விடவில்லை.

அந்தச் செப்டம்பரில் 452 பிரபுக்கள் முத்திரையிட்ட எதிர்ப்புக் கடிதம் கான்ஸ்டன்ஸுக்குப் போனது. பல்கலைக்கழகமும் தன் பழைய ரெக்டர் குற்றமற்றவர் என்று சான்று கொடுத்தது. 1417ல் திருப்பலியில் பொதுமக்களுக்கும் அப்பத்தோடு திராட்சை ரசமும் வழங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. குருமார்களுக்கு மட்டும் என்றிருந்த கிண்ணம் ஹுஸ் அணியினரின் கொடிச் சின்னமானது. பிறகு ஏறக்குறைய 15 ஆண்டு யுத்தம். பல்கலைக்கழகத்தில் கடைசியில் மிஞ்சியது கலைப்பிரிவு மட்டும்.

இன்று நாம் பார்க்கும் பெத்லகேம் ஆலயம் அசல் இல்லை. அசலை 1786ல் இடித்துவிட்டார்கள். 1950களில் அதைத் திரும்பக் கட்டியது கம்யூனிஸ்ட் அரசு. மதத்தைக் கண்டால் முகம் சுளித்த அரசு, ஹுஸை மட்டும் ஏழைகளின் புரட்சிக்காரர் என்று தத்தெடுத்துக்கொண்டது. கட்டிய கலைஞர் யாரோஸ்லாவ் ஃபிராக்னர். கரோலினத்தையும் அதே காலத்தில் புதுப்பித்தவர் அவரே. இறந்தவர்களைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வது எளிது, அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த இருநூறு ஆண்டுகளைத் தாவிவிடலாம். 1617ல் ரெக்டரானவர் மருத்துவர் யான் யெசெனியஸ். 1600ல் பிராகில் ஒரு பிணத்தைப் பலர் முன்னிலையில் அறுத்து உடற்கூறு விளக்கியவர். வானியலாளர்கள் டைக்கோ பிராஹேயும் கெப்ளரும் முட்டிக்கொண்டபோது நடுவே நின்று சமாதானம் பேசியவர். 1618 மே 23ல் செக் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அதிகாரிகளைக் கோட்டை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். யெசெனியஸ் அந்தக் கிளர்ச்சியின் தூதரானார். 1620 நவம்பர் 8ல் வெள்ளை மலைப் போரில் கிளர்ச்சிக்காரர்கள் தோற்க, ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 1621 ஜூன் 21ல் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. பேச்சுத் திறமைக்காகப் பெயர் பெற்ற ரெக்டரின் நாக்கை முதலில் அறுத்தார்கள், பிறகு தலையை. 12 தலைகளைச் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். சதுக்கத்தின் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டம் அவற்றின் மேல்தான் நடக்கிறது.

மறு ஆண்டே பல்கலைக்கழகம் சேசு சபையின் கைக்குப் போனது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கிளெமென்டினம் என்ற தங்கள் கல்லூரியை அவர்கள் 1556 முதலே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் வேந்தர் பதவி யாருக்கு என்று பேராயருக்கும் சபைக்கும் மூண்ட வழக்கு முப்பது ஆண்டு இழுத்தது. 1654ல்தான் இரண்டும் இணைந்து சார்லஸ்-ஃபெர்டினாண்ட் பல்கலைக்கழகம் ஆனது. இடையில் 1648ல், முப்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், கோட்டைப் பக்கத்தைப் பிடித்துவிட்ட சுவீடன் படை பாலத்தைத் தாண்ட வந்தபோது, ஒரு சேசு சபைப் பாதிரியார் மாணவர்களைத் திரட்டி எதிர்த்து நின்றார். பாலம் விழவில்லை. ஹுஸின் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கத்தோலிக்கக் கட்சிக்காக ஆயுதம் ஏந்தினார்கள். இரண்டு தலைமுறை போதுமானதாக இருந்தது.

அந்தச் சார்லஸ் பாலத்தின் மேல் நம் ஊர்க் கதையோடு தொட்டுக்கொள்ளும் சிலை ஒன்று நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு துறையும் பாலத்துக்கு ஒரு சிலை கொடுத்த காலம் அது. மருத்துவத் துறை 1709ல் காஸ்மாஸ், டேமியனை வைத்தது. சட்டத் துறை 1711ல் வக்கீல்களின் புனிதர் ஈவோவை வைத்தது. இறையியல், தத்துவத் துறைகள் அதே 1711ல் வைத்தது புனித சவேரியாரை. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் நடந்த, மணப்பாட்டுக் குகையில் தங்கிய அதே சவேரியார். சிற்பி பிரோகாஃப் அவரைக் கீழே உள்ளவர்கள் தோளில் தாங்கி நிற்பது போலச் செதுக்கினார். ஞானஸ்நானம் பெறக் கீழ்த்திசை அரசன் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். நம் கடற்கரையைப் பார்த்திராத சிற்பியின் கற்பனை இந்தியன், எந்த ஊர்க்காரன் என்று சொல்ல முடியாத உடையில் இருக்கிறான். அசல் சிலை 1890 வெள்ளத்தில் வல்தாவா ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது நகல்.

1773ல் சேசு சபையைக் கலைத்தார்கள். 1784ல் லத்தீனுக்குப் பதிலாக ஜெர்மன் பாடமொழியானது. செக் மொழி பேசுகிறவர்கள் நிறைந்த நாட்டில் தலைமைப் பல்கலைக்கழகம் முழுக்க ஜெர்மன். 19ஆம் நூற்றாண்டில் செக் மறுமலர்ச்சி வலுத்ததும், 1409ன் கேள்வி வேறு உடையில் திரும்பி வந்தது. வியன்னா அரசு 1882ல் கண்ட தீர்வு விசித்திரமானது. பல்கலைக்கழகத்தை இரண்டாக்கி, ஒன்றைச் செக்குக்கும் ஒன்றை ஜெர்மனுக்கும் கொடுத்தது. பெயர் இரண்டுக்கும் அதே பெயர், கரோலினமும் நூலகமும் பொது. பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தம்பி வீட்டில் எவ்வளவு பேச்சுவார்த்தை இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது.

எண்ணிப் பார்த்தால் இரண்டு கிளையும் செழித்தன. செக் பக்கம் மசாரிக் தத்துவம் கற்பித்து, பிறகு நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். ஜெர்மன் பக்கம் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் ரெக்டராக இருந்தார், 1906ல் எழுத்தாளர் காஃப்கா சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1911 ஏப்ரலில் வந்த ஐன்ஸ்டீன் முழுப் பேராசிரியர் பதவியை முதன்முதலில் வகித்தது இங்கேதான். வினிச்னா தெருவில் அவர் அறையின் ஜன்னல் ஒரு மனநோய் மருத்துவமனைத் தோட்டத்தைப் பார்த்தாற்போல இருந்தது. குவாண்டம் கொள்கையோடு மல்லாடாத பைத்தியங்கள் இவர்கள் என்று பார்க்க வந்தவர்களிடம் அவர் காட்டுவாராம். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ஃபிலிப் ஃபிராங்க் சொன்ன கதை. ஐன்ஸ்டீன் ஒன்றரை ஆண்டுக்குள் கிளம்பிவிட்டார். 1920ல் இங்கே மருத்துவம் முடித்த கெர்ட்டி கோரி, 1947ல் மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண்மணியானார். எது யாருடைய பெருமை என்று இன்று பிரிக்க முயல்வது வீண்.

செக்கோஸ்லோவாக்கியா 1918ல் பிறந்ததும் பிரிக்கத்தான் முயன்றார்கள். 1920ல் ஒரு சட்டம் வந்தது: சார்லஸ் மன்னரின் பல்கலைக்கழகத்துக்குச் செக் பல்கலைக்கழகமே ஒரே வாரிசு, பழைய முத்திரைகளும் செங்கோல்களும் அதற்கே சேரும். ஜெர்மன் தரப்பு கொடுக்காமல் காலம் கடத்தியது. 1934 நவம்பரில் அமைச்சகம் கறாராகக் கேட்டபோது இரு தரப்பு மாணவர்களும் கரோலினத்தைச் சுற்றித் தெருச் சண்டையில் இறங்கினார்கள். சில நாள் ரகளைக்குப் பிறகு ஜெர்மன் ரெக்டர் பொருள்களை ஒப்படைத்தார். 1409ல் ஆயுதத்தோடு வந்து பிடுங்கிய அதே வகைப் பொருள்கள். முத்திரை கையில் இருந்தால் வரலாறே கையில் இருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் எல்லையின் அந்தப் பக்கம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் வந்தது. அக்டோபர் 28ல், பழைய சுதந்திர தினத்தன்று, மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற மருத்துவ மாணவர் யான் ஓப்லெட்டல் நவம்பர் 11ல் இறந்தார். ஆல்பெர்டோவ் பகுதியிலிருந்து புறப்பட்ட அவருடைய இறுதி ஊர்வலம் இன்னொரு போராட்டமாக மாறியது. நவம்பர் 17 விடியலில் மாணவர் விடுதிகளை வளைத்தார்கள். மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஒன்பது பேரை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றார்கள். ஏறக்குறைய 1,200 பேரைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். செக் உயர்கல்வி நிலையங்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு. மூன்று ஆண்டு என்றார்கள், போர் முடியும் வரை திறக்கவில்லை. ஜெர்மன் பல்கலைக்கழகம் மட்டும் இயங்கியது. அங்கேயும் யூதப் பேராசிரியர்களை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார்கள். நவம்பர் 17 உலக மாணவர் தினமானது இப்படித்தான்.

அன்று பிராகில் ஒரு பையனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். 1927 நவம்பர் 17ல் பிறந்த கமில் சுவலபில். பூட்டுத் திறந்த பிறகு, 1946ல் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்து தமிழுக்கு வந்தார். சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார். 1968ல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு அவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. முருகனைத் தலைப்பில் வைத்து அவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1973ல் ஹாலந்திலிருந்து வெளிவந்தது. பிராகில் தமிழ்ப் படிப்பு அவரோடு நின்றுவிடவில்லை. யாரோஸ்லாவ் வாட்செக் பல்லாண்டு கலைத் துறையில் தமிழ் கற்பித்தார்.

அந்தக் கலைத் துறை ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் முன்னால் உள்ள சதுக்கத்துக்கு இன்று யான் பாலாக் பெயர். அந்தத் துறை மாணவர் அவர். டாங்கிகளுக்கு மக்கள் பழகிப்போவதைத் தாங்க முடியாமல் 1969 ஜனவரி 16ல் வாத்ஸ்லாவ் சதுக்கத்தில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார். இறுதி ஊர்வலம் கரோலினத்திலிருந்து புறப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 17ல், ஓப்லெட்டல் நினைவுக்காக மாணவர்கள் அதே ஆல்பெர்டோவில் கூடினார்கள். நினைவு ஊர்வலத்துக்கு அரசு அனுமதித்திருந்தது. ஊர்வலம் நகர மையத்தை நோக்கித் திரும்பியதும் நரோத்னி தெருவில் போலீஸ் வழிமறித்து அடித்து நொறுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி போய், நாடகாசிரியர் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

முத்திரைக் கதை பாக்கி இருக்கிறது. 1945 அக்டோபரில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தை ஒழித்து அரசு ஆணையிட்டது. ஆணை செல்லுபடியாகும் நாளைப் பின்தேதியிட்டார்கள்: 1939 நவம்பர் 17. செக் மாணவர்களைச் சுட்ட அந்த நாளிலிருந்தே அது இல்லாமல் போனதாகச் சட்டம் சொல்லியது. கோபம் புரிகிறது. ஆனால் 1348லிருந்து இந்த வீட்டில் பேசிய இரண்டு மொழிகளில் ஒன்று அந்தக் கையெழுத்தோடு வாசலுக்கு வெளியே போனது. 1409ல் தொடங்கிய கணக்கை இப்படித் தீர்த்தார்கள். எதற்காக 1934ல் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ அந்தச் செங்கோல்களும் முத்திரைகளும் அதற்குள் காணாமல் போயிருந்தன. போரின் கடைசி வாரங்களில் ஜெர்மன் தரப்பு அவற்றைப் பெட்டிகளில் கட்டி ரயிலேற்றியது. இன்றுவரை கிடைக்கவில்லை. கரோலினப் பெருமண்டபத்தில் இப்போது பட்டமளிப்பு விழாக்களில் ஏந்துபவை பிறகு செய்த புதியவை.

பாலத்துப் பக்கம் சார்லஸ் மன்னரின் சிலை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் 500ஆம் ஆண்டு நிறைவுக்காக 1848ல் செய்தது. அந்த ஆண்டு வெடித்த கலகத்தால் திறப்பு விழா தள்ளிப்போனது. கையில் பட்டயத்தோடு நிற்கிறார், பீடத்தைச் சுற்றி நான்கு துறைகளும் நான்கு பெண்களாக அமர்ந்திருக்கின்றன. நான்கு தேசங்களுக்குச் சிலை வைக்கவில்லை, நல்ல வேளை.

அந்த நான்கில் மூன்று தேசத்தார் 1409 கோடையில் மூட்டையோடு எந்தச் சாலையில் போனார்கள், லைப்சிக்கில் அவர்களுக்கு யார் வீடு கொடுத்தார்கள், ஓட்டுகளை அங்கே எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பது அடுத்த இதழில்.